உள்ளே கிடந்த வெளுப்பு

பாம்புப் பண்ணையில் வெளுத்த மலைப்பாம்பு ஒன்று இருந்தது. வருகிறவர்கள் அதன் கண்ணாடிப் பெட்டி முன்னால்தான் நிற்பார்கள். பக்கத்துப் பெட்டியில் கிடந்த கருத்த பாம்பை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

“நான் இட்ட முட்டைதானடி நீ. உன் வெளுப்பு எனக்குள்ளேயும் உங்கப்பனுக்குள்ளேயும் வெளியே தெரியாமல் கிடந்தது” என்றது கருத்தது.

“போடி கருப்பி, சொந்தம் கொண்டாட வந்துட்டா!” என்று வெளுத்தது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிறகு அதை ஒரு கருத்த ஆண் பாம்போடு சேர்த்தார்கள். பொரிந்த ஒன்பது குட்டிகளும் கருப்பு.

“என் வெளுப்பு உங்களுக்குள்ளேயும் இருக்கு, கண்ணுகளா” என்று கெஞ்சியது.

“யாருடா இந்த வெள்ளைக்காரி?” என்று குட்டிகள் சிரித்தன.

வெளுத்தது பக்கத்துப் பெட்டியின் பக்கம் திரும்பி, முதன்முறையாக “அம்மா” என்றது.

அந்தப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.