கைப்பிழை

"கையில என்ன, வெண்ணெயைத் தடவிட்டு வந்தியா தம்பி?"

இருட்டறை வாசலில் நின்று வரைபடக்காரி கேட்டாள். தரையில் அவளுடைய ஒளிப்பலகை நாலைந்து துண்டுகளாகக் கிடந்தது.

"நழுவிடுச்சுக்கா," என்றான் சோதனைக்காரன். நாள் முழுக்க இருட்டறையிலேயே பலகைகளைச் சோதித்துக்கொண்டு இருப்பதால் பட்டறையில் அவனுக்கு ஆந்தை என்று பெயர்.

பதினோரு வருஷம் அடுத்தவர்கள் வரைந்ததைப் படியெடுத்தவள் அவள். சொந்தமாக வரைந்த முதல் பலகை இதுதான். இரண்டு கண்ணாடிகள், நடுவே நூலிழை இடைவெளியில் நியான் வாயு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். கம்பிகள் சந்திக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று பூக்கும். புள்ளிகள் சேர்ந்து எண்ணாகும்.

சுரங்கத்துக்குள் மாட்டுவதற்காகக் கேட்டவர்கள் மறுநாள் பார்க்க வருவதாக இருந்தது. பலகை தேறினால் அவள் வடிவமைப்பாளர். சோதனை ஏட்டில் 'வரைபிழை' என்று ஒரு வரி விழுந்தால் மறுபடி படியெடுக்கும் மேசைதான். முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

முதலாளி வந்து துண்டுகளைப் பார்த்தார். "சோதிச்சாச்சா?"

"இல்லீங்க. மேசைக்குக் கொண்டு போறப்பவே விழுந்துடுச்சு."

"ஆறு வருஷத்துல ஒரு கண்ணாடி உடைச்சதில்ல நீ. இன்னிக்குன்னு பார்த்தா?"

ஏட்டை எடுத்து அவன் பெயருக்கு எதிரே 'கைப்பிழை' என்று எழுதினார். வரவிருந்தவர்களிடம் போனில் பத்து நாள் அவகாசம் கேட்டார். "அதுவரைக்கும் நீ கண்ணாடி அறுக்கிற கொட்டகையைப் பெருக்கு."

வீட்டில் கணவன் சொன்னான்: "வேணும்னுதான் போட்டிருப்பான். நீ பெரியாளாயிட்டா அவனுக்கு வயிறு எரியாதா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆந்தையோடு பேச்சை நிறுத்தினாள். அவனோ சீட்டியடித்தபடி பெருக்கினான். மூன்றாம் நாள் அவள் அறைக்கும் துடைப்பத்தோடு வந்தான். மூலையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போனான்.

"டேய், இங்க ஒரு மனுஷி உக்காந்திருக்கேன்."

"பழக்க தோஷம்க்கா," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

ஜன்னல் இல்லாத அறை. தன் கையே தெரியாத இருட்டில் சுவிட்சைத் தேடி நடந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

முழு இருட்டில் வாயு லேசில் விழிக்காது; கொஞ்சமாவது வெளிச்சம் பட வேண்டும். அதற்காகவே பலகையின் ஓரத்தில், சட்டத்துக்கு அடியில், ஓயாமல் எரியும் புள்ளி ஒன்று வைப்பார்கள். யார் கண்ணிலும் படாது. மற்ற புள்ளிகளை எழுப்பிவிடுவது அதுதான். பட்டறையில் அதற்கு விடிவெள்ளி என்று பெயர். சட்டம் மெல்லிசாக வரட்டும் என்று அவள் தன் பலகையில் அதை வைக்காமல் விட்டிருந்தாள். அவள் மேசையில், குழல்விளக்கு வெளிச்சத்தில், பலகை பளிச்சென்றுதான் எரிந்திருந்தது. சுரங்கத்துக்குள் யார் போய்க் குழல்விளக்கு பிடிப்பார்கள்?

விடிவெள்ளியை வைத்து வரைந்தாள்.

பத்தாம் நாள் வந்தவர்கள் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார்கள். சுவிட்சைத் தட்டியதும் எண்கள் குபுக்கென்று எழுந்து நின்றன. முதலாளி அங்கேயே அவளை, "எங்க வடிவமைப்பாளர்," என்று அறிமுகப்படுத்தினார்.

மாலையில் அவள் கொட்டகைப் பக்கம் போனாள். மனசு நிறைந்திருந்ததால் மன்னிப்பது சுலபமாக இருந்தது.

"போனாப் போகுது, விடு தம்பி. ஒரு விதத்துல நீ அதைச் சோதிக்கிறதுக்கு முன்னாடியே உடைச்சது நல்லதாப் போச்சு. இருட்டுல அது எரிஞ்சிருக்காது. வரைபிழைன்னு என் பேர்ல விழுந்திருக்கும்."

ஆந்தை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

"தெரியும்க்கா. மூணு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், எரியல. அப்புறந்தான் கை நழுவிச்சு."