மறுபதிவு

நூற்றிருபது பாடங்களையும் கேமரா முன்னால் நடத்தி முடித்த மறுநாள், இனி வேலைக்கு வர வேண்டாம் என்ற கடிதத்தை ரெஜினா டீச்சரிடம் நீட்டினார் பள்ளித் தாளாளர் பொன்னரசு. அந்த டீச்சரிடமே படித்தவர். வகுப்பில் ஒரு நிமிடம் வாய் மூடாதவர். டீச்சர் சண்டை போடவில்லை. முதல் பாடத்தில் குரல் தெளிவாக இல்லை என்று சொல்லி, அதை மட்டும் மறுபடி பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். திரை வகுப்பின் திறப்பு விழாவன்று சுவரளவு திரையில் டீச்சர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தாளாளர், தன் பக்கத்திலிருந்த விருந்தினரின் காதில், “லீவே கேக்காத டீச்சர் சார் இது” என்றார். திரையில் எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸ் நின்றது. “பொன்னரசு, அங்க என்ன பேச்சு? எந்திரி. நான் சொல்ற வரைக்கும் உக்காரக் கூடாது.” பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். தாளாளர் எழுந்து, கைகட்டி நின்றிருந்தார். “ஆஃப் பண்ணிரவா சார்?” என்று கேட்டார் திரையை இயக்கியவர். டீச்சர் ஓர் இலை வரைந்தார், பாகங்களைக் குறித்தார், பலகையைத் துடைத்தார், திரையை விட்டு வெளியே போனார். உட்காரச் சொல்லவில்லை. இரண்டாம் பாடம் தானாகவே தொடங்கியது.