மை ஏறாத பெயர்

புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஆபீசுக்கு, பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சில், நகல் எடுக்கும் பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் வந்திருந்தது. அதில் ஓட்டிய முதல் நோட்டீசே இரங்கல் நோட்டீஸ். டிரைவர் மலையாண்டியைப் பொன்னமராவதிப் பக்கம் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாகத் தந்தி.

ஹெட்கிளார்க் கலீல் ரஹ்மான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெழுகுத்தாள் ஸ்டென்சிலில் கம்பிப் பேனாவால் கீறி எழுதி, மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். எல்லா வரியும் பளிச்சென்று விழுந்தது. மலையாண்டி என்ற பெயர் மட்டும் விழவில்லை. புது ஸ்டென்சிலில் அழுத்தி எழுதிப் பார்த்தார். அந்த இடம் வெள்ளையாகவே வந்தது.

"செத்தவரு பேர மட்டும் அடிக்க மாட்டேங்குதே! எடுத்துட்டுப் போயிருங்கண்ணே," என்றார், விற்க வந்த ஹாஜா முகைதீனிடம்.

வாசலில் செருமல் கேட்டது. சேறு படிந்த வேட்டியோடு மலையாண்டி நின்றார்.

"பாலம் ஒடஞ்சு போச்சுங்க. அங்கிட்டே தங்கிட்டேன்."

கலீல் ரஹ்மான் அவரை இறுகக் கட்டிக்கொண்டார். பெருமூச்சு அடங்கியதும், "மெஷினு இங்கயே இருக்கட்டும்ணே," என்றார்.

மலையாண்டி ஸ்டென்சிலை எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்தார். மற்ற வரிகளை மை அடைத்திருந்தது. அவர் பெயரின் கோடுகள் மட்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. அவற்றின் வழியே வந்த வெயில், அவர் மார்பில் "மலையாண்டி" என்று விழுந்திருந்தது.