ஆணியில் ஒரு துண்டு

"இந்த வீட்ல எது கெட்டாலும் நான்தான் பார்ப்பேன். உங்களுக்கு ஒரு செலவும் வைக்க மாட்டேன். ஆனா பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் கேட்காதீங்க தம்பி."

வீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும், புதிதாகக் குடிவந்தவனுக்குச் சுருக்கென்றது.

"என்ன சார் இது? பொம்பளை புழங்குற வீடு. தாழ்ப்பாள் இல்லாம எப்படி?"

"வெளியே ஒரு ஆணி அடிச்சிருக்கேன் பாருங்க. உள்ள போறவங்க அதுல துண்டை மாட்டிட்டுப் போங்க. யாரும் வர மாட்டாங்க."

அதற்கு மேல் நிற்காமல் மாடிப்படி ஏறிவிட்டார்.

கஞ்சர் என்று சொல்லவும் வழியில்லை. குழாய் சொட்டினால் அன்றைக்கே ஸ்பானரோடு இறங்கி வருவார். ஃபியூஸ் போனால் கூப்பிடக்கூட வேண்டாம். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவனுக்கு இதற்கு முன் வாய்த்த வீட்டுக்காரர்கள் எல்லாம், கூரை ஒழுகினால்கூட, "நனையறது நீங்கதானே, நீங்களே பார்த்துக்குங்க" என்கிற ரகம். அவர்களை அவன் இன்னும் மறக்கவில்லை.

அவன் மனைவி இவருக்கு 'ஸ்பானர் தாத்தா' என்று பெயரே வைத்துவிட்டாள்.

அவள் மாசமாக இருந்தாள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குளிக்க வேண்டியிருந்தது. போதாததற்கு, கொஞ்சம் நேரமானால் போதும், படிக்கட்டிலிருந்து குரல் வரும்.

"தம்பி! துண்டு இன்னும் ஆணியிலயே தொங்குதே. பாப்பா வரலையா?"

ஒருநாள் அவள் அழுதேவிட்டாள்.

"நான் குளிக்கப் போறதை அந்த ஆளு எதுக்குங்க கவனிச்சுக்கிட்டே இருக்கார்? அவர் படியிறங்கி வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அரைகுறையா குளிச்சிட்டு ஓடி வரேன். நல்ல மனுஷன் செய்யற வேலையா இது?"

அவனுக்கு ரத்தம் கொதித்தது. கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து தானே மாட்டினான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது தாழ்ப்பாள் இல்லை. ஸ்குரூ போட்ட ஓட்டைகளைக்கூட மக்கு வைத்து அடைத்திருந்தது. கழற்றிய தாழ்ப்பாள் காகிதத்தில் சுற்றி வாசல்படியில் இருந்தது.

"நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கேட்கலைங்க" என்றாள் மனைவி.

அவன் மாடிக்கு ஓடினான்.

"யாரைக் கேட்டு சார் கழட்டினீங்க?"

"நான்தான் முதல்லயே சொன்னேனே தம்பி."

"வயசான மனுஷனாச்சேன்னு பார்க்குறேன். இல்லேன்னா வாயில வேற மாதிரி வந்துடும்."

"வரட்டும்."

"நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுக் கேட்டா உங்களுக்குத்தான் அசிங்கம்!"

பெரியவரின் முகம் சுருங்கிப்போனது. கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேளுங்க. என்னை என்ன வேணா கேளுங்க. தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம்."

அடுத்த நாள் அவர் வெளியே போகிற நேரம் பார்த்து, கடைத்தெருவிலிருந்து ஒரு தச்சரை அழைத்து வந்தான் அவன்.

"அந்த ஆளு என்ன பண்ணினாலும் அசைக்க முடியாத மாதிரி போடணும்ணே."

வாசலிலேயே தச்சரின் நடை தயங்கியது.

"இந்த வீடா?"

உள்ளே வந்தவர் கருவிப் பையைக் கீழே வைக்கவில்லை. குளியலறைக் கதவின் நிலையில், ஓரிடத்தில் மட்டும் பழைய மரத்தோடு வேறு மரம் சேர்த்து ஒட்டுப் போட்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்தார்.

"இது நான் வச்ச ஒட்டு. இந்தக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் போட மாட்டேன் தம்பி."

"ஏன், உங்களையும் மிரட்டி வச்சிருக்காரா?"

தச்சர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உங்களுக்கு முன்னாடி இங்க அவரோட மக இருந்துச்சு. அதுவும் இப்படித்தான், மாசமா இருந்துச்சு. குளிக்கப் போன இடத்துல மயங்கி விழுந்துடுச்சு. உள்ள தாழ்ப்பாள். நல்ல கெட்டித் தாழ்ப்பாள், அவரே தேடி வாங்கி அவர் கையாலயே போட்டது. தோளால இடிச்சு இடிச்சுப் பார்த்திருக்கார். அசையல. நான் கடப்பாரையோட ஓடி வந்து நிலையைப் பேர்த்து உள்ள போறதுக்குள்ள..."

அவர் முடிக்கவில்லை.

அவன் நிலையிலிருந்த அந்த ஒட்டைப் பார்த்தான்.

"இதை அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?"

"நீங்க குடிவந்தப்ப நானும் அவர்கிட்ட அதைத்தான் கேட்டேன். 'வயித்துல புள்ளையோட இருக்கிற பொண்ணு. இங்க நடந்தது தெரிஞ்சா ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டேல்ல உள்ள போகும்? என்னைப் பத்தி எதை வேணா நினைச்சுட்டுப் போகட்டும்'னு சொல்லிட்டார்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, போட்டாச்சா?"

அவன் கையிலிருந்த தாழ்ப்பாளைத் தச்சரின் பைக்குள் போட்டான்.

"இல்ல. ரிப்பேர் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்புன்னு பேசித்தானே குடிவந்தோம்? அதுல நாம கை வைக்க வேண்டாம்."

அவள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"நல்லா இருக்கே! நேத்து என்னமோ மாடிக்குப் போய் அந்தக் குதி குதிச்சீங்க. இப்போ அந்த ஆளுக்குப் பயந்துட்டீங்களா?"

அவன் கதவுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "பயந்துட்டேன்."