முதல் நாள் பால்

"ஒரே ஒரு போத்தல் போதும்ணே. பச்சையாவே குடுங்க. காய்ச்சினா சக்தி போயிருமாம்."

மாட்டுக் கொட்டகையின் வெளிக்கதவைப் பிடித்தபடி நின்றாள் கஸ்தூரி. அவளுடைய ஆறு வயது மகன் ரூபேந்திரனுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ மருந்தில் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி அடியோடு போய்விட்டது. சிம்பாங் ரெங்கத்தில் வீரமுத்துவின் பசு ஈன்றிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

"டாக்டர்கிட்ட கேட்டியாம்மா?" என்றார் வீரமுத்து.

"பச்சைப் பால் ஆகாதுங்கிறாரு. அவருக்கு ஊசி மருந்துதான் தெரியும்லா. சீம்பால் குடிச்சு எத்தனையோ பிள்ளைங்க பொழைச்சிருக்காம், வாட்ஸ்அப்ல வந்துச்சு. மூணு எடத்துல கேட்டுட்டேன்ணே, எங்கேயும் இல்ல. உங்கள விட்டா வழியில்ல."

வீரமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தர முடியாதும்மா. கன்னு பொறக்கறப்ப அது ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இருக்காது. இந்தப் பால் உள்ள போனாத்தான் உசுரு தங்கும். மொத நாள் பால் கன்னோட பங்கு."

கஸ்தூரியின் கண்கள் நிறைந்தன. அவளும் ஒரு தாய். அதற்கு மேல் எப்படிக் கேட்பாள்?

"இன்னொரு பிள்ள வாயிலேருந்து புடுங்கி எம்மவனுக்கு வேணாம்ணே," என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தாள்.

கார் மறைந்ததும் உள்ளேயிருந்து அவர் மனைவி தனலெட்சுமி வந்தாள்.

"கன்னுதான் செத்துப் பொறந்துச்சே. காலையில நீங்கதானே செம்பனைக்கு அடியில பொதைச்சீங்க? பால வீணா மண்ணுல கொட்டப் போறீங்க. நம்ம மக செல்வராணியும் இதே நோவுலதான் போனா. அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொல்ல எப்படிங்க மனசு வந்துச்சு?"

வீரமுத்து மஞ்சள் நிறப் பாலை வாளியோடு சாய்த்தார். அது மண்ணில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம புள்ள நோவுல போகல, தனம். அந்தக் கடைசிக் காய்ச்சல், பால்லேருந்து ரத்தத்துல ஏறுன கிருமியாலன்னு டாக்டர் எங்கிட்ட மட்டும் சொன்னாரு. உனக்குத் தெரியாம, பச்சைச் சீம்பால நான்தான் அவளுக்கு ஊட்டுனேன்."