தள்ளி நிற்கச் சொன்ன குடம்

புயல் வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த நிவாரணக் குடம், எந்தச் சேற்றுத் தண்ணீரையும் குடிதண்ணீராக்கிவிடும். ஆனால் கிருமி பட்ட கை கிட்டே போனால் மூடிக்கொள்ளும். தொட்டுவிட்டால் விடியும்வரை திறக்காது.

அஞ்சப்பன் பகலெல்லாம் தெருச் சாக்கடையில் சேறு வாரிவிட்டு, நாக்கு வறண்டு வந்தான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு குடத்தின் பக்கம் போனான்.

"மன்னிக்கவும். தங்கள் கையில் கிருமி உள்ளது. தள்ளி நிற்கவும்" என்றது குடம்.

"கழுவுற தண்ணியே வெள்ளத் தண்ணி, அப்புறம் கிருமி எங்க போவும்? என் வூட்டுல என்னையே தள்ளி நிக்கச் சொல்லுதா? ஒடச்சிப்புடறேன் பாரு!" என்று கத்தினான்.

"ஒடச்சிப்புட்டு? புள்ளைக்கு வயித்தால போவுது. ராத்திரிக்கு எதைக் குடுக்கறது?" என்ற மனைவி செல்லக்கிளி, சாக்கடைச் சேறு படாத தன் கையால் ஒரு டம்ளர் மொண்டு வந்தாள். "நான் ஊத்தறேன் மாமா, குடி."

அஞ்சப்பன் வாசலில் இறங்கி இரண்டு கையையும் குவித்தான். கை குவிந்ததுமே முதுகு தானாகக் குனிந்தது. கூலிக்குப் போன வீடுகளின் கொல்லையில் அவன் அப்படித்தான் குடித்துப் பழக்கம்.

ஊற்றத் தூக்கிய செல்லக்கிளியின் கை அப்படியே நின்றது.

"நிமிரு மாமா."

நிமிர்ந்தவனின் உதட்டில் டம்ளரை வைத்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோல் புகட்டினாள்.

"அந்த டம்ளரைத் தனியாக வைக்கவும்" என்றது குடம்.

மிச்சம் இருந்ததை அவள் வாய்வைத்துக் குடித்தாள்.