பழைய மைக்கை நீக்கிய மதியம்

புதுப் பதிப்பு வெளியே போய்விட்டது. அனுப்பியவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

குழந்தை அழுதால் அம்மாவின் மேசையில் விளக்கை எரியவைக்கும் மென்பொருள் அது. தன்னைப் போலக் காது கேளாதவர்களுக்காக, கர்ப்பமாக இருந்தபோது எழுதினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டாள். எந்தெந்த வீட்டில் ஓடுகிறதோ, அவளுக்கே தெரியாது.

இன்று அதிலிருந்து, அழுகையைப் பிடிக்கும் பழைய வகை மைக்குக்கான பகுதியைத் தூக்கிவிட்டாள். அதற்கு ஒட்டுப்போட்டே அவளுக்கும், கூடச் சேர்ந்து எழுதும் பையனுக்கும் முதுகு ஒடிந்துபோயிருந்தது.

யாராவது இன்னும் பழசையே வைத்திருந்தால் என்று காலையில்கூட அவனிடம் கேட்டாள்.

"அக்கா, ஒரு வருஷமா தண்டோரா போட்டாச்சு. இன்னும் வீடு வீடாப் போய் வெத்தல பாக்கு வைக்கணுமா?" என்று எழுதி அனுப்பினான்.

நியாயம்தான். ஆனாலும் பயம் விடவில்லை. எங்கோ ஒருத்தி விளக்கை நம்பி உட்கார்ந்திருப்பாள். பக்கத்து அறையில் பிள்ளை மூச்சு முட்டக் கத்தும்.

புகார்ப் பக்கத்தைத் திறந்துவைத்துக் கண் கொட்டாமல் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுடைய ஒன்றரை வயது மகளும் இன்று சமர்த்தாகத் தூங்கினாள். மேசை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

உள்ளங்காலில் தரை அதிர்ந்தது.

கீழ்வீட்டு வாஷிங் மெஷினாக இருக்கும். எதற்கும் விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. நிம்மதியாகத் திரைக்குத் திரும்பினாள்.

மறுபடி அதிர்ந்தது. நின்றது. மறுபடி.

வாஷிங் மெஷின் இப்படி விட்டுவிட்டு உதைக்காது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மகள் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கன்றிச் சிவந்து, வாய் அகலத் திறந்திருந்தது. அள்ளி அணைத்ததும், அந்தக் கதறல் அவள் நெஞ்செலும்பில் அதிர்ந்தது.

அலமாரியின் மேல் இருந்தது, அந்த மென்பொருளை ஓட்ட அவள் முதன்முதலில் செய்த பெட்டி. புதுப் பதிப்பு வந்தால் தானாகவே மாறிக்கொள்ளும்படி அவள்தான் அமைத்திருந்தாள். அதில் செருகியிருந்தது பழைய மைக். ஊருக்கெல்லாம் மாற்றச் சொன்னவள், நன்றாகத்தானே ஓடுகிறது என்று தன் வீட்டில் விட்டுவிட்டாள்.

எவ்வளவு நேரமாக அழுகிறாள்? யாரைக் கேட்பது?

குனிந்து தலையணையைத் தடவிப் பார்த்தாள். கண்ணீரும் எச்சிலுமாக நனைந்த இடம், ஓரங்களில் காய்ந்து விறைத்திருந்தது.